மூன்றாம் திருப்பத்து வடிகால்

பெயர்: ததேயா ஓஷ்லாக், தந்தை பெயர் ரோமான். வயது: 41. தொழில்: பல் மருத்துவரிடம் செயற்கைப் பல் செய்யும் வேலை. விலாசம்: 17ஆம் எண் வீடு, பிரேகோவ்யே கிராமம், கொரோஷ்கா, ஸ்லோவேனியா. 2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை காலை 9.20 மணிக்குத் தானாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்து, செப்டம்பர் 24 அன்று கொடுத்த வாக்குமூலத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தது.

நான் மேற்கண்ட விலாசத்தில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஊர் மலை சைக்கிள் சங்கத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன், தற்போது செயலாளர். சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். மாதா கோயிலுக்கு மேலிருந்து மரஅறுவை ஆலை வரை இறங்கும் சைக்கிள் பாதையை நாங்களே கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிப் பராமரித்து வருகிறோம். யாரும் கூலி வாங்குவதில்லை. பாதை ஒன்பது பேருடைய சொந்தக் காடுகள் வழியாகப் போவதால், மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்பது கையெழுத்தும் வாங்கினோம். நகராட்சி ஒரு வருடத்துக்குச் சோதனை அனுமதி தந்தது. அதை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று இம்மாதம் 16ஆம் தேதி முடிவு செய்ய இருக்கிறார்கள்.

ஒன்பதாவது கையெழுத்துப் போட்டவர் விங்கோ பிரிஸ்தோவ்னிக், வயது 67, விவசாயி, வேட்டைக்காரர் சங்கத்தில் உறுப்பினர். பாதையின் மூன்றாம் திருப்பம் அவர் காட்டில் உள்ளது. அவர் ஜூன் மாதம் ஊர்க்கூட்டத்தில் இருபது பேர் முன்னிலையில் என்னைப் பார்த்து, "இந்தாம்மா, என் காட்டு மான்குட்டி மேல உங்காளு எவனாவது சைக்கிள ஏத்தினான், நானே மரத்த அறுத்துக் குறுக்கப் போட்டுடுவேன், ஆமா" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதன்பின் அவரைக் காணும்போதெல்லாம் சந்தேகத்துடனேயே பார்த்து வந்தேன். நான் பொதுவாக யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. சங்கத்தில் என்னைச் 'சந்தேகத் திலகம்' என்று கேலி செய்வார்கள்.

இது நிற்க, செப்டம்பர் 21 முதல் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஒரு நாளுக்கு மேல் மழை பெய்தால் குறுக்கே நாடா கட்டிப் பாதையை மூடுவது எங்கள் வழக்கம். ஈர மண்ணில் சக்கரம் ஓடினால் ஒரு வருட வேலை ஒரே காலையில் கூழாகிவிடும். ஆனால் ஞாயிறன்று நகராட்சியிலிருந்து இருவர் பாதையைப் பார்வையிட வருவதாக இருந்ததால், மூடுவதா என்று வெள்ளிக்கிழமை கூடிப் பேசினோம். ஐந்து பேர் வேண்டாம் என்றோம், நானும் அதில் ஒருத்தி. மூடியே ஆக வேண்டும் என்றவர்கள் ரெனாதா, மித்யா, போஷ்ட்யான் லெஸ்யாக் ஆகிய மூவர். அந்த மூவரும் ஞாயிறன்று சைக்கிள் ஓட்ட வரவில்லை.

ஞாயிறு காலை 8.30 மணிக்கு, விருந்தினர் வருமுன் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடலாம் என்று ஐந்து பேர் புறப்பட்டோம். முன்னால் தபால்காரர் ஆன்ஜே கோட்னிக், அவருக்குப் பின் நான். பனிமூட்டமாக இருந்தது. மூன்றாம் திருப்பத்துக்குச் சற்று முன் பாதையின் குறுக்கே கிடந்த, தளிசு என்னும் ஊசியிலை மரத்தில் ஆன்ஜே மோதி, கீழே சரிவில் போய் விழுந்தார். இடுப்பெலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்ததை மருத்துவமனையில் சொன்னார்கள். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ததேயா, நாளைக்கு பென்ஷன் கொடுக்கற நாளு, கிழவிங்கெல்லாம் வாசல்ல நிப்பாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன்பின் மீட்புப் படையினரும் மற்ற மூவரும் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். போலீசார் வரும்வரை இடத்தைக் காவல் பார்க்க நான் மட்டும் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பின்வருவதைக் கண்டேன். முதல் வாக்குமூலத்தில் இதைச் சொல்லவில்லை. மரத்துக்கு ஓரடி மேலே பாதையைச் சாய்வாகக் குறுக்கறுத்து இரண்டு சாண் அகலத்தில் புதிதாக ஒரு வடிகால் வெட்டப்பட்டிருந்தது. அடிமண்ணை மண்வெட்டியின் முதுகால் தட்டிக் கெட்டியாக்கி, தண்ணீர் வெளியேறும் வாயில் கல் பதித்திருந்தது. மரத்தைக் குறுக்கே போட்டால் மழைநீர் அதில் முட்டி, ஓரமாக அரித்துக்கொண்டு போகும். அப்படி அரிக்காமல் இருக்கச் செய்த வேலை அது. ஒருவரின் எலும்பை முறிக்க மரம் போடுகிறவன் மண் கரையுமே என்று கவலைப்பட மாட்டான். விங்கோ ஐயா போட்டிருந்தால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மரத்தைப் போட்டது எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

இது வெளியே தெரிந்தால் அனுமதி கிடைக்காது என்று, நான் கல்லைப் பிடுங்கிச் சரிவில் எறிந்தேன். காலால் மண்ணைத் தள்ளி வடிகாலைத் தெரிந்தே மூடி, மேலே சருகைப் பரப்பி மிதித்துவிட்டேன். அதன்பின் வந்த போலீசார் எடுத்த புகைப்படங்களில் வடிகால் இல்லாததற்கு இதுவே காரணம். யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று அன்று கேட்டதற்கு, ஜூன் மாதம் விங்கோ பேசியதை வார்த்தை மாறாமல் சொன்னேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

அதன்பின் அந்த வாரம் முழுவதும் எங்கள் ஆட்களை வேவு பார்த்தேன். ரெனாதாவின் காருக்குள் மரத்தூள் இருக்கிறதா என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். இருந்தது, அவர் வீட்டில் விறகு அடுப்பு. மித்யாவின் கையில் கொப்புளம் இருந்தது, அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். இதற்கிடையில் விங்கோவின் துப்பாக்கியையும் வேட்டை உரிமத்தையும் பறிமுதல் செய்தார்கள். அவர் கொட்டகைச் சுவரில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'கொலைகாரன்' என்று எழுதினார்கள். புதன்கிழமை கடையில் அவரைக் கண்டேன். ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. என்னிடம் வந்து, "பேசினவன் நான்தாம்மா. பேசினதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். போடாத மரத்துக்கும் நானேவா?" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 30, சனிக்கிழமை பாதையைச் சரிசெய்யும் வேலைநாள். பத்து மணிக்கு எல்லோரும் டீயும் தொத்திறைச்சியுமாக நின்றபோது, போஷ்ட்யான் மூன்றாம் திருப்பத்திலிருந்து மண்வெட்டியோடு கோபமாக ஏறி வந்தார். அவருக்கு வயது 48, ஆலையில் வேலை. பாதையில் பாதி அவர் கைவேலை.

"மூணாம் திருப்பத்துல வடிகால எந்தக் கழுதை மூடினது? தண்ணி பூரா பாதையிலயே எறங்கி அரிச்சுத் தள்ளியிருக்கு!" என்றார்.

மித்யா, "அங்க ஏதுய்யா வடிகால்? நாம வெட்டவே இல்லியே. கனா கண்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போஷ்ட்யான் தொத்திறைச்சி நறுக்கப் போய்விட்டார்.

அந்த வடிகாலை வெட்டியவருக்கும் மூடிய எனக்கும் தவிர அது அங்கே இருந்தது வேறு யாருக்கும் தெரியாது. அதன்பின் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மூடியது நான்தான் என்று சொல்லி, மரத்தைப் போட்டது அவரா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"நாடாவக் கட்டினா எவன் மதிக்கிறான்? மரத்தப் பாத்தா எறங்கித் தள்ளிட்டுப் போவாங்கன்னு சனிக்கிழமை மத்தியானம் போட்டேன். எட்டத்துலயே தெரியற மாதிரிதான் போட்டேன். பனி எறங்கும்னு நான் என்னத்தக் கண்டேன்? ஆன்ஜே எனக்கும் சிநேகிதன்தானே."

"விங்கோ ஐயா?"

"வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாரு. பதினாறாந்தேதி தாண்டட்டும். சாட்சியில்லாத கேசு, தன்னால விழுந்துடும். இப்ப வாயத் தொறந்தா அவரும் தப்பிச்சாரு, பாதையும் போச்சு. அப்புறம் நான் மாட்டினா நீயும் மாட்டுவே, சந்தேகத் திலகம். பாத்துக்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இரக்கமும் இருந்தது. ஞாயிறு முழுவதும் யோசித்தேன். நாளை விங்கோ பிரிஸ்தோவ்னிக் அரசு வழக்கறிஞர் முன் ஆஜராக வேண்டும் என்று அறிந்து இன்று இங்கு வந்தேன். யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ வரவழைக்கவில்லை. இதனால் அனுமதி கிடைக்காமல் போகும் என்பதும், ஒன்பது கையெழுத்தும் வீணாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை அலுவலர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் 'விபத்தைக் கண்ட பதற்றத்தில் வடிகாலை மூடிவிட்டேன்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். "அப்படியே இருந்தா உங்களுக்கு நல்லதும்மா" என்றார். எனக்கு அப்போது பதற்றம் எதுவும் இல்லை, கை நடுங்கவும் இல்லை. தெரிந்தே மூடினேன் என்று மாற்றி எழுதச் செய்து, திருத்தத்தின் ஓரத்தில் தனியாகக் கையெழுத்திட்டேன். மற்றவையெல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, யாவும் உண்மை.

(ஒப்பம்) ததேயா ஓஷ்லாக்