அந்துருண்டை வாசம்

பழைய துணியை வெயிலில் காயப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி, காற்று மட்டும் பட விரிக்க வேண்டும். ஹர்மத்தான் காற்றின் புழுதி அடங்கிய பிறகு, வருடத்துக்கு ஒரு தடவை போதும். லோமேயில் நல்ல துணி வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். என் தங்கை என்யோனத்துக்கு மட்டும் தெரியாது. ஆனால் அம்மாவின் துணிப் பெட்டி அவளிடம்தான் இருந்தது.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த சிமென்ட் கல்லின்மேல் காகிதம் விரித்திருக்கிறேன், உடுப்பு அழுக்காகாது. இந்த வீட்டுக்கு இன்னும் நாற்காலி வாங்கவில்லை. என் தங்கை மகள் யைரா, தன் அம்மாவின் துணிகளைப் பெரியம்மா திருடிவிட்டாள் என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அதை விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். நடுவிலிருந்து தொடங்கினால் புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் அம்மா பெரிய சந்தையில் துணி விற்றவள். மனதுக்குப் பிடித்த ஒவ்வொரு அச்சிலும் ஒரு முழுத் துணியைத் தனக்கென்று எடுத்து வைப்பாள். எல்லாம் கத்தரி படாத அசல் ஹாலந்து மெழுகச்சுத் துணி. பெயர்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும், உங்கள் வீட்டிலும் இரண்டொன்று இருக்கும். கூண்டைவிட்டுப் பறவை பறக்கிறதே, அது ‘நீ போனால் நானும் போவேன்’. சிவப்பில் கண் கண்ணாக இருப்பது ‘சக்களத்தியின் கண்’. அந்த அச்சு இப்போது அசலில் வருவதில்லை, சீனத்து நகல்தான் கிடைக்கிறது. கடையில் மூட்டை சுமந்தவள் நான். அம்மாவுக்குக் கால் வீங்கியபோது எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். பெட்டி மட்டும் என்யோனத்துக்குப் போனது. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், எனக்குப் பிள்ளை இல்லை.

“உனக்கப்புறம் அதை யாருடி கட்டுவா?” என்று அம்மா கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. சில்லறை இருக்கிறதா என்று வாடிக்கைக்காரியிடம் கேட்கிற அதே குரல்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, உங்களுக்கும் எரிந்திருக்கும்.

என்யோனத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அந்துருண்டை வாசம் பட்டாலே நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பெட்டி இருந்த அறைப்பக்கம் அவள் போகமாட்டாள். துணி உலர்த்தவும் மடிப்பு மாற்றவும் நான்தான் அவளுடைய வாடகை வீட்டுக்குப் போவேன். வேலை முடிந்ததும் அக்குமே களியும் ஆடெமேக் கீரைக் குழம்பும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள். “எங்கக்கா மாதிரி துணி மடிக்க இந்த ஊர்லயே ஆள் கெடையாது” என்று அடுத்த வீட்டுக்காரிகளிடம் பெருமையடிப்பாள். நல்லவள்தான். யாரும் அவளை நல்லவள் இல்லை என்று சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

பிறகு அவளுக்கு வீட்டு ஆசை பிடித்தது. இதோ, கடலோரம் பகிதாவில் இந்த மனையை வாங்கிப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். செருப்புக் குதிகாலால் மணலில் கோடு கிழித்து அறை அறையாகக் காட்டுவாள்.

“இது ஹாலு. இது நான் படுக்குற ரூமு. கடல் காத்து நேரா மூஞ்சில அடிக்கும்க்கா, என் நெஞ்சுக்கு நல்லது. கூரை நீலத் தகடுதான், வேற பேச்சே கெடையாது. பின்னால அடுப்படிக்குப் பக்கத்துல உனக்கு ஒரு ரூமு. கடைசிக் காலத்துல நீ தனியாக் கெடக்கக் கூடாது.”

அந்தப் பின்கட்டத்துக்குள் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியவில்லை.

சுவர் எழுப்பப் பணத்துக்கு எங்கே போவாள்? பெட்டிதான் இருந்தது. விற்பதா வேண்டாமா என்று அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. காலையில் விற்கலாம் என்பாள். மத்தியானம் அறை வாசலில் நின்றபடியே பெட்டியைப் பார்த்து அழுவாள். சாயங்காலம் நீலத் தகடு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வருவாள்.

“வித்துட்டா அம்மா என்னை மன்னிப்பாளாக்கா?”

“உன் பெட்டி, உன் இஷ்டம்.”

“அப்படிச் சொல்லாதக்கா. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் விக்கல.”

“நான் யாருடி அதைச் சொல்றதுக்கு?”

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பெட்டியைக் கொடுக்கும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்ராவிலிருந்து லாம்ப்டே என்று ஒரு வியாபாரி வந்தார். விரலெல்லாம் மோதிரம். ‘சக்களத்தியின் கண்’ணை நான் விரித்துக் காட்டியதும் அதை மடியில் போட்டுக்கொண்டு, “இதுக்காக நான் அலையாத ஊர் இல்லம்மா” என்றார். சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் அம்மாவின் துணி, அதன் பெயர்கூடத் தெரியாதவர்கள் கைக்குப் போகப் போகிறது. அது நடக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை யைரா தலை பின்னும் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மகளுக்கென்று ஒரு துணியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று என்யோனம் சொன்னாள். எதை எடுப்பது என்று என்னைக் கேட்டாள். நீயே உள்ளே போய்ப் பார்த்து எடு என்றேன். முந்தின நாள் நான் பெட்டியிலும் அறையிலும் புதிதாக அந்துருண்டை போட்டிருந்தேன், கொஞ்சம் தாராளமாகவே. புழுதிக்காக ஜன்னலை அடைத்திருந்தேன். அவளுடைய இன்ஹேலர் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து என் இடுப்புத் துணி முடிச்சில் செருகிக்கொண்டேன். காசும் சாவியும் அங்கேதான் வைப்பேன், தொலையாது. அந்த அறைக் கதவு நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் உள்ளே போனதும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

அடுத்த வீட்டில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு உலக்கை. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு தட்டல் கேட்டது. துணியைத் தட்டித் தூசி உதறுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் உங்களிடம் சொல்ல இருந்தேன். ஆனால் உதறுகிறவள் அக்கா என்று கூப்பிடமாட்டாள்.

“அக்கா, கதவு. கதவைத் தொறக்கா.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் விக்கலக்கா. வீடும் வேணாம். பெட்டிய நீயே எடுத்துக்க.”

கேட்டது. தெளிவாகவே கேட்டது. ஆனால் ஐயா, அவள் பேச்சை நம்ப முடியாது. இன்றைக்கு விற்கவில்லை என்பாள், நாளைக்குத் தகடு விலை கேட்பாள். எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருத்தி ஒரு முடிவில் நிற்க வேண்டியிருந்தது. உலக்கைச் சத்தம் நின்றபோது மற்றச் சத்தம் முன்பே நின்றுபோயிருந்தது. கீரை முழுவதையும் ஆய்ந்துவிட்டேன். கதவைத் திறந்து, இன்ஹேலரை அவள் கையருகே வைத்துவிட்டு, ஊரைக் கூட்டினேன். இழுப்புக்காரிதானே என்று எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை.

குளிப்பாட்டி உடுத்துவது மூத்தவள் பொறுப்பு. அங்கேதான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். இருப்பதிலேயே உயர்ந்த துணியைப் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும் என்பது நம் வழக்கம். ‘சக்களத்தியின் கண்’ என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அசலை மண்ணுக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. சந்தையில் நகல் ஒன்று வாங்கி அதைப் போர்த்தினேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வந்த பெண்கள்கூட மூக்கின்மேல் விரல் வைத்து, பார், அக்கா எவ்வளவு உயர்ந்த துணியைக் கொடுத்து அனுப்புகிறாள் என்றார்கள். யைரா மட்டும் அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“பெரியம்மா, அந்துருண்டை வாசமே வரலியே.”

புதுத் துணியின் கஞ்சி வாசம் வந்திருக்கும். அதை நான் யோசிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான் அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவள் துணி போனதாக மட்டும் நினைக்கிறாள், பாவம்.

துணியா? லாம்ப்டேவிடம் இருக்கிறது. அவர் மறுபடி வந்தார், என்யோனத்திடம் சொன்னதைவிடக் கூடுதலாகவே கொடுத்தார். அப்படிப் பார்க்காதீர்கள். சும்மா பெட்டியில் வைத்து யார் கட்டப்போகிறார்கள்? இங்கே பாருங்கள், சுவர் முடிந்துவிட்டது. கூரைத் தகடு நாளைக்கு வருகிறது, நீலம்தான். கடலைப் பார்த்த முன்னறை எனக்கு. யைராவுக்குப் பின்னால் அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன். தாயில்லாத பெண், தனியாகக் கிடக்கக் கூடாது.

என்யோனம் விஷயத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டதும் நான்தான், கூப்பிட்டபோது திறக்காததும் நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துணியைத் திருடினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவளே கொடுத்தாள். நீங்களும் கேட்டீர்கள்தானே, இப்போதுதான் சொன்னேன்.