கப்பலுக்கு வச்ச புது மூக்கு

...வேகாம எப்படிப்பா எடுத்துக் குடுக்கிறது? நில்லு தம்பி, கீழ்த்தட்டுல நிக்கிற காருக்கு இப்பவே ஓடாத! இன்னும் கரை வரல... வந்துடும், இப்ப வந்துடும், அதான் என் வயித்தெரிச்சலே!

முன்னாடியெல்லாம் இந்த ஃபியோர்டுக் கடல்கழியைத் தாண்டுறதுக்குள்ள ஒரு ஆளு நிம்மதியா என் கல்லுல சுட்ட ஸ்வேலே அப்பம் ரெண்டு சாப்பிட்டு, காபி குடிச்சு, மழையத் திட்டி, பக்கத்து மேசைக்காரன் வீட்டுக் கல்யாணச் சேதி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இறங்குவாரு. இந்த சுன்மோரப் பக்கம் கப்பல்ல ஏறிட்டு ஸ்வேலே சாப்பிடாம இறங்குறதாவது! நல்லா தடிமனா, மெத்துனு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடிச்சு... அவசரப்பட்டா உள்ள பச்சை மாவு. அது தன் இஷ்டத்துக்குத்தான் வேகும்.

இப்போ? மூக்கு! கப்பலுக்குப் புது மூக்கு!

பழசு மொண்ணை. தண்ணிய வெட்டாது, முட்டும். முன்னால ஒரு சுவரையே தள்ளிக்கிட்டுப் போகும், டீசலும் அப்படிக் குடிக்கும்! அதான் போன குளிர்காலத்துல பட்டறைக்குக் கொண்டுபோய், அதை அறுத்துப் போட்டுட்டு ஒல்லியா ஒண்ணு வச்சாங்க. ஒரு பக்கம் இல்ல தம்பி, ரெண்டு பக்கமும்! திரும்பாமலே போய்வர்ற கப்பலாச்சே, இதுக்குப் பின்னாடியும் மூக்குதான். ட்ரோண்ட்ஹைம் பட்டணத்துல பெரிய தண்ணித்தொட்டி இருக்காம். அதுல நம்ம கப்பலைக் குட்டியா செஞ்சு விட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தாங்களாம். "அந்தக் குட்டியில என் அடுப்பு இருந்துச்சா?"ன்னு கேட்டேன். எஞ்சினியர் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது!

நல்ல பொண்ணுதான்... தெளிவாச் சொல்லுச்சு, பழைய வேகத்துலயே போங்க, டீசல் நல்லா மிச்சமாகும்னு. எங்க வீட்டுக்காரர் கேட்டாத்தானே! மேல நிக்கிறாரே கேப்டன் ஹால்வர், அவரேதான். மிச்சமாக வேண்டிய டீசலையெல்லாம் ஊத்தி விரட்டுறாரு. எதுக்கு? முன்னாடியே போய் அக்கரையில சும்மா நிக்க! கப்பல் கதவு இறங்கின உடனே ஜனங்க கார்ல ஏறிப் பறந்துடுறாங்க, நான் அரைவேக்காட்டோட நிக்கிறேன். கோடை முடியறதுக்குள்ள வியாபாரம் தேறலைன்னா கப்பல் கம்பெனிக்காரங்க என் அடுப்பைத் தூக்கிடுவாங்களாம். காசு போட்டா பிஸ்கட் துப்புற மெஷின் வருதாம். மெஷின்! அது உங்கிட்ட இப்படிப் பேசுமா?

என்ன கேட்ட? ஏன் விரட்டுறாருன்னா?

...அது வந்து... சிரிக்கக் கூடாது, ஆமா. மூக்கு வச்சு வந்த முதல் நாள் மனுஷன் ரொம்பப் பீத்திக்கிட்டாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? வேலைக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டேன்: "எந்த மூக்கை வேணா வச்சுக்க. என் கல்லுல ஒரு ஸ்வேலே சிவக்குறதுக்குள்ள உன்னால அக்கரை தொட முடியாது!"

அவ்வளவுதான். அன்னிக்குப் பிடிச்ச வெறி! "தோத்தேன்னு சொல்லு, குறைக்கிறேன்"ங்கிறாரு. தினம் மீன் சாப்பிடும்போதும் அதே பேச்சு. நாங்க சுன்மோரக்காரங்க தம்பி, தோத்தேன்னு சொன்னா வாய் கோணிக்கும்! நானும் தீயைக் கூட்டிப் பார்த்தேன்... மேல கருகுது, உள்ள கொழகொழன்னு இருக்குது.

இந்தா, உன்னுது வெந்துடுச்சு! வெண்ணெய் மட்டும் தடவி... அய்யோ, கரை தட்டிடுச்சா? தம்பி! தம்பி, ஸ்வேலே! ஏப்பா, நீலக் காரு!

...போயிட்டான். சிவந்த ஸ்வேலேய விட்டுட்டுப் போறான். சிவந்து என்ன புண்ணியம், திங்க ஆள் இல்லையே! இப்படியே போனா மெஷின்தான்.

ஃபோன் எங்க... ஹால்வர்? நான்தான். கேளு, ஒரு தடவைதான் சொல்லுவேன். தோத்துட்டேன். ...என்ன, கேக்கலையா? நல்லாவே கேட்டுச்சு உனக்கு! ...எல்லாருக்கும் கேக்கணுமா? ஒலிபெருக்கியிலயா? யோவ்! ...

சரி, போட்டுத் தொலை.

க்ஹும்! ஏறிக்கிட்டிருக்கிற பயணிகள் கவனத்துக்கு. அடுப்பாங்கரையிலேர்ந்து குன்வோர் பேசுறேன். இந்தக் கப்பல் என் கல்லை விட வேகம். ஆமா, வேகம்! கேப்டன் ஜெயிச்சுட்டாரு. அதனால இனிமே மெதுவாப் போவாரு. யாரும் கார்லயே உக்காந்திருக்காதீங்க, மேல வாங்க. எல்லாருக்கும் சுடச்சுட ஸ்வேலே உண்டு...

கேப்டனுக்கு மட்டும் கிடையாது!