வாடாத வரிசை

தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பாசத்தில் அதிகமாக ஊற்றிவிடுவார்கள். நாற்று பட்டினியால் சாவதைவிட இப்படிச் செல்லத்தால் சாவதுதான் அதிகம். இதை நான் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். சுட்டிக்கும் சொன்னேன்.

நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். விசாரணைக் குழுவுக்குத் தலைவராக நீங்கள் எங்கள் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால், எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை.

எங்கள் கல்லூரியில் மூன்றாம் வருட, கடைசி வருட மாணவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து, சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். செலவுக்குக் கல்லூரியே பணம் கொடுக்கும். ஒரு பேராசிரியர் வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கலாம். எங்கள் கூடத்தை நடத்துகிற பேராசிரியரை நாங்கள் சார் என்போம்; சார் அந்த உதவித்தொகையில் முதன்முதலாக எடுத்த மாணவி நான். இது பலருக்குத் தெரியாது. சாருக்கே மறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் அங்கேயே தங்கிவிட்டேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். குறைந்த தண்ணீரில் வாடாமல் நிற்கிற ஒரு தக்காளி ரகம், அதுதான் என் வேலை. நன்றாக நின்ற செடியின் விதையை எடுத்து, அதை விதைத்து, அதில் நன்றாக நின்றதன் விதையை எடுத்து, இப்படியே என் இளமை போனது. புலம்பவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி தங்கமானவர். ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உங்க தக்காளி எப்பதான் நம்ம வீட்டுச் சமையலுக்கு வரும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். சாரிடம் போய்க் கேட்டால், "பாக்கலாம்மா, இன்னும் ஒரு தலைமுறை போகட்டும்" என்பார். தலைமுறை என்று அவர் சொன்னது தக்காளியின் தலைமுறையை.

போன வருடம் சுட்டி வந்தாள். தையல்காரர் மகள். சார்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்கிற பெண். அவள் கொண்டுவந்த கேள்வி இதுதான்: தாகத்தில் இருக்கும் செடி, பக்கத்துச் செடிக்குச் சேதி சொல்லுமா? அதாவது, தண்ணீர் இல்லாமல் தவிக்கிற செடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் வளர்ந்த நாற்று, பின்னால் தனக்குத் தண்ணீர் நிற்கும்போது மற்ற நாற்றுகளைவிடத் தாக்குப்பிடிக்குமா? கேட்க அழகான கேள்வி. குழந்தைகள் கேட்கிற மாதிரிக் கேள்வி. சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். நான் பேசும்போது அவர் நாற்காலியை இழுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கூடத்து நடையில், ஒவ்வொரு வருட உதவித்தொகை மாணவரும் சாரோடு நிற்கிற படம் மாட்டியிருக்கும். சுவர் நிறைந்துவிட்டது. சுட்டியின் படத்துக்கு இடம் வேண்டும் என்றதும் சார் என்னிடம், "அந்தப் பழைய படத்தக் கழட்டிட்டு அங்க மாட்டிடும்மா. ஒனக்குத்தான் ஆணி அடிக்க வரும்" என்றார். அந்தப் பழைய படம் என்னுடையது. கழற்றினேன். அவள் படத்தை நேராக, ஒரு நூல்கூடச் சாயாமல் மாட்டினேன். என் படம் இப்போது, இலைகளைக் குளிரில் வைக்கிற உறைபெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

எனக்கு வயிறு எரிந்ததா என்று நேற்று கேட்டீர்கள். எரிந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது. அவள் சிரிப்பைக் கேட்டால் எரிந்தது, சார் அவளுக்குப் பேனா கொடுத்தால் எரிந்தது, அவள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் எரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சலில் செய்தேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. நான் செய்தது முழுக்க முழுக்க உதவி.

அவள் இரண்டு வரிசை நாற்று வைத்திருந்தாள். ஒரு வரிசை தாகச் செடிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தது. இன்னொன்று வயிறு நிறையக் குடித்த செடிகளுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்னக் குச்சி, அதில் எண். தண்ணீரை நிறுத்தப்போகிற நாளுக்கு முந்தைய மதியம் அவள் விடுமுறைச் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். நான் பசுமைக்குடிலுக்குள் போனபோது, தாக வரிசையில் ஒரு நாற்று தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தது. எங்கள் கூடத்தில், பரிசோதனை தொடங்குமுன் ஒரு நாற்று போய்விட்டால், அந்த இடத்தில் அதே வயது நாற்று ஒன்றை வைத்துவிட்டுச் சொல்லிவிடுவது வழக்கம். பக்கத்து மேசையில் என் நாற்றுகள் இருந்தன. அதே நாளில் விதைத்தவை, அதே உயரம், அதே தொட்டி. ஒன்றை எடுத்து வைத்தேன். அவள் குச்சியைப் பிடுங்கி அதில் செருகினேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் சாரோடு டீ குடிக்கப் போய்விட்டாள். சொல்ல முடியவில்லை.

சில நாளில் எல்லா நாற்றும் தலை தொங்கிவிட்டது. அவளுடைய சேதி எந்தச் செடிக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. நான் வைத்த அந்த ஒன்று மட்டும், இப்போதுதான் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது. சார் குடிலுக்கு வந்தார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் முன்னால் குனிந்தார்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு நாத்த நான் பாத்ததில்லம்மா" என்றார். என்னிடமல்ல. சுட்டியின் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் அவர்களுக்குப் பின்னால் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம் என்பீர்கள். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ஓ, ஒன்னோடதா" என்று நிமிர்ந்திருப்பார். அவர் முதுகு நிமிர்வதை நான் பார்க்க விரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் குனிந்திருக்கட்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு நின்னா போதாது. திரும்பப் பண்ணு. பெரிசாப் பண்ணு" என்றார் அவளிடம். அவள் பண்ணினாள். நானும் என் பங்கைப் பண்ணினேன். அவள் வகுப்பில் இருக்கிற மதியங்களில், தாக வரிசையிலிருந்து அவள் நாற்றுகளை எடுத்துவிட்டு என் நாற்றுகளை வைத்தேன், குச்சிகளை மாற்றினேன். எல்லாவற்றையும் மாற்றவில்லை. பாதிக்கு மேல், அவ்வளவுதான். முழுதும் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அவள் வரிசை பச்சைப் பசேலென்று நின்றது. அவள் குடிலுக்குள்ளேயே துள்ளிக் குதித்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, செடி பேசுதுக்கா" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், பார்த்தவுடன் அது வேறு ரகம் என்று தெரிந்திருக்கும். என் ரகத்துக்குக் காம்புக்குக் கீழே ஒரு மெல்லிய மயிர்ப்படலம் இருக்கும். அவள் கவனிக்கவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

விடுமுறை முடிவில் உதவித்தொகை மாணவர்கள் எல்லோரும் அரங்கில் தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். கை தட்டினார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் தெரிந்த ஒவ்வொரு நாற்றையும் எனக்குத் தெரியும். அதன் அம்மாவையும் அப்பாவையும் தெரியும். அந்தக் கைதட்டலில் எது யாருக்கு என்று பிரித்துப் பார்க்க என் ஒருத்தியால்தான் முடிந்தது.

வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள், இதைத் தங்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அந்தமுறை நான் குடில் பக்கமே போகவில்லை. பரிசோதனையில் யாரும் தலையிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். இரண்டு வரிசையும் ஒன்றுபோலத் தொங்கிவிட்டன. மறுபடியும் செய்தாள். மறுபடியும் தொங்கின. முன்பு நின்ற நாற்றுகளை யாரோ மாற்றிவைத்திருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பிறகு சார் அவளோடு டீ குடிக்கப் போகவில்லை.

அவள் என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள். கேன்டீன் மூலையில் உட்கார்ந்தோம். அவள் டீயைத் தொடவே இல்லை.

"அக்கா, நான் எதுவுமே பண்ணலக்கா."

"தெரியும்மா. ஆனா செடி தானா எழுந்து போய் இடம் மாறாதுல்ல?"

"குடிலுக்கு வர்றது நானும் நீங்களும்தானேக்கா."

"அதத்தான் நானும் யோசிச்சேன். நீ வேணும்னு பண்ணிருக்க மாட்ட. ரொம்ப ஆசப்பட்ட. அந்த வாரம் ஒனக்குக் காய்ச்சல் வேற. ஆசையில கை தானாப் போயிருக்கும்."

"எனக்கு ஞாபகமே இல்லையேக்கா."

"ஞாபகம் இருந்தாத்தான தப்பு. ஞாபகம் இல்லன்னா அது ஒரு சோர்வு. அவ்வளவுதான்."

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்மேல் சந்தேகப்படுவது அவளுக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. நல்ல பிள்ளைகள் அப்படித்தான்.

"ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்களாக்கா?"

"சார் கோவக்காரர் இல்ல. பொய் சொன்னாத்தான் அவருக்கு ஆகாது."

அங்கேயே எழுதினாள். நாற்றுகளை மாற்றியது நான்தான், எப்போது எப்படி என்று நினைவில்லை, மன்னிக்கவும். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

விடவில்லை. கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவள் அப்பாவின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அழுதார். "அடுப்ப அணைச்சேனா, அணைச்சேனான்னு ராப்பகலா போய்ப் போய்ப் பாக்குறாம்மா. சாப்ட்டு எழுந்து வந்து, நான் சாப்ட்டேனாம்மான்னு கேக்குறா. பொத்தான் தைக்கச் சொன்னா, தைச்சிட்டு, இது நான் தைச்சதுதானான்னு உக்காந்து அழுவுறா." நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றேன். சுட்டி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்கதான? நெஜமாவே வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பின மாதிரி தலையாட்டினாள்.

இவ்வளவோடு இது முடிந்திருக்கும். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நீங்கள்கூட என்னை ஒரு சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள்.

பரிசோதனை முடிந்ததும் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஓர் இலையைக் கிள்ளி உறைபெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சுட்டிக்குக் கற்றுக்கொடுத்தது நான். ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தாள். போன மாதம் சார் அந்த இலைகளைச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வந்த பிறகுதான் உங்கள் குழுவை அமைத்தார்கள்; அந்த முடிவைத்தான் நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். வாடாமல் நின்றவை அவள் விதைத்த ரகமே அல்ல. அதற்குக் கீழே சார் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'மாணவி எங்கோ ஒரு நர்சரியில் வாங்கிவந்த நாற்றுகளாக இருக்கலாம்.'

நர்சரி நாற்று. அந்த இரண்டு சொல்லையும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு மாதமும் அவர் மேசைமேல் கொண்டுபோய் வைத்த நாற்று அது. அதன் பக்கத்திலேயே காப்பியை வைத்துக்கொண்டு, நிமிராமல், "பாக்கலாம்மா" என்பார். உலகத்திலேயே அதிசயம் என்று அவர் குனிந்து பார்த்த ஒரே நாற்று, அவருடைய முதல் மாணவி வளர்த்தது என்பது இலையைச் சோதித்த பிறகும் அவருக்குத் தெரியவில்லை. காசு கொடுத்தால் தெருமுனையில் கிடைக்கும் என்று நினைக்கிறார்.

அதனால்தான் நேற்று நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். நாற்றுகளை மாற்றியது நான். அவளை ஒத்துக்கொள்ள வைத்ததும் நான். அவள் ஒரு தொட்டியைக்கூட நகர்த்தவில்லை. இதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அறிக்கையின் நகல் சுட்டி வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். அதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். சாருக்கு மட்டும் ஒரு நகல் கட்டாயம் போக வேண்டும். அதில் நர்சரி என்கிற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள்.