சேக் தாவூது ஆசிரியர் காத்த மண்கரை

சங்கத் தலைவர் தங்கராசு அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் துணைவியார் ஜைனப் அக்கா அவர்களே, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பின் பெரியோர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே!

ஆசிரியர் சேக் தாவூது மறைந்தார். பூச்சி வாத்தியார் என்று சிரித்தோமே, அந்தச் சேக் தாவூது! நம் கத்தரித் தோட்டத்தை ஒட்டிய மண்கரையில் குழி தோண்டி வாழும் நீலவரித் தேனீக்களைக் காத்தவர் அவர். அவை கூட்டமாய்க் கூடு கட்டுவதில்லை. ஒவ்வொரு தாயும் தனியே தோண்டும், மகரந்தம் சேர்க்கும், முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுச் செத்துப்போகும். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காது. அது பூவைப் பிடித்து உலுக்கியதால்தான் நம் சட்டியில் கத்தரிக்காய் விழுந்தது. தின்றோமா இல்லையா?

பிள்ளைகளைக் கொட்டிவிடும் என்றீர்கள். நானும் கைப்பிள்ளைக்காரிதான், எறும்பைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். என் மகள் ஒருநாள் அந்தக் குழிக்குள் விரலை விட்டாள். அலறிக்கொண்டு ஓடினேன்.

"கத்தாதம்மா. தேனீ வாசல்ல நின்னு காத்துக்கிட்டு இருக்கு பாரு. விரலை எடுத்தா உள்ள போயிரும்," என்றார் ஆசிரியர்.

எடுத்தாள். போனது.

அவர் மருத்துவமனையில் கிடந்தபோது நம் சங்கம் என்ன செய்தது? சாலைப் பக்கக் கரை முழுக்கச் சிமெண்டு பூசியது! உள்ளே இருந்தவை உள்ளேயே. வெளியே போயிருந்த தாய்கள், காலில் மகரந்தத்தோடு திரும்பி வந்து, வழவழத்த சுவரில் வாசலைத் தேடின. பிள்ளைகள் கையில் செருப்பைக் கொடுத்து அடிக்கச் சொன்னீர்கள். அடித்தார்கள். கைதட்டினீர்கள்!

தலைவர் அவர்களே, பழத்தோடு நீங்கள் அவரைப் பார்க்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், உங்க பூச்சிக்கெல்லாம் கல்லுவீடு கட்டிட்டோம் லா! வாடகைகூட வேணாம்!"

"பின்பக்கம்?" என்றார் அவர்.

"அது அடுத்த மாசம் சார்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பின் நம்மில் எவரோடும் அவர் பேசவில்லை.

இன்றைய தீர்மானம் என்ன? அந்தப் பின்பக்கத்தையும் பூசி, மேலே அவர் பெயர் பொறித்த இருக்கை! மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றால் தீர்மானத்தையும் ஏற்றதாகப் பொருள் என்று தலைவர் அறிவித்துவிட்டார். செத்தவருக்கு எழாமல் எவர் இருப்பார் என்ற துணிச்சல்!

பெரியோர்களே, இன்று காலையும் அந்தப் பின்கரையில் ஒரு தாய் தோண்டிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் இடத்தில் நின்று இனி அதை நான் காப்பேன். என் மகளையும் அங்கேதான் விளையாட விடுவேன். பயந்துகொண்டேதான் விடுவேன்.

இப்போது தலைவர் எழச் சொல்வார். நான் எழ மாட்டேன். ஆசிரியரை மதிக்கிறவர்கள் உட்கார்ந்திருங்கள்.

ஜைனப் அக்கா, நீங்களும்.