கோல்கீப்பர் கைக்கு வந்த விசில்

ஏரலிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் துறைமுக ஊழியர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு மேட்ச்சுல என்னைய விசில் ஊதச் சொல்லிட்டானுவ, அண்ணாச்சி,” என்றார் நரைத்த மீசைக்காரர்.

“நீருதான வே கோல்கீப்பர்?”

“எனக்கு வயசாயிட்டாம். ரெப்ரீன்னா சிரமமில்லைங்கானுவ.”

“நல்லதுதான?”

“என்ன நல்லது? இத்தனை வருசமா கம்பத்துக்கு நடுவுல நின்னவன் நான். ரெப்ரீ மைதானம் பூரா ஓடணும்லா?”

தூத்துக்குடிக்கு வெளியிலேயே மீசைக்காரர் எழுந்துகொண்டார். “இங்கன இறங்கி, வீடு வரைக்கும் ஓடிப் பாக்கேன்.”

பஸ் கிளம்பியது. ஜன்னலில் எட்டிப் பார்த்த அண்ணாச்சியிடம், “ஓடுதாரா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“ஓடுதாரு.” சற்றுப் பொறுத்து அண்ணாச்சி பதறினார். “கையக் காட்டுதாரு வே! பஸ்ஸ நிப்பாட்டும்!”