சுண்டுவிரலைத் தொடாதீங்க

— யக்கா, மக்ரூன் தட்டு மறுபடியும் காலி. நமக்கு வந்த குலுக்கல் சீட்டு பதினொண்ணு. அதுல ரெண்டு சின்னப் பிள்ளைய கிறுக்குனது.

— அதுக்கென்ன. இன்னொரு பாக்கெட்டைப் பிரி.

— பிரிக்கதுல ஒண்ணுமில்ல. தின்னுட்டு, கையத் துடைச்சிக்கிட்டு, அடுத்த ஸ்டாலுக்குப் போயிருதாவ. அங்க மண்டபத்துக்குள்ளயே ட்ரோனைப் பறக்க விடுதான். எதுத்தாப்ல மேக்கப்காரி உக்கார வச்சு ஓசியில கண்மை போட்டு விடுதா. நம்மகிட்ட என்ன இருக்கு? மக்ரூனும் ஆல்பமும்.

— வாசல்ல ஸ்டாண்டி இருக்குல்லா, ஆளுயரப் படத்தட்டி. எல்லாரும் நிக்கது அங்கதான்.

— அதைத்தான் யக்கா நானும் சொல்ல வந்தேன். அடுத்த கல்யாணக் கண்காட்சிக்கு அதை மாத்திருவோம்.

— ஏன், படம் நல்லா இல்லையா?

— படத்துக்கு என்ன குறை? மணப்பாட்டுக் கடக்கரை மேட்டுல, சிலுவைக் கோயிலு பின்னால தெரிய, காத்துல முந்தானை பறக்க, ஆளுயரத்துக்கு நின்னு அந்தப் பிள்ள சிரிக்கதைப் பாத்துட்டு எந்தக் கல்யாணப் பொண்ணும் தாண்டிப் போக மாட்டா. ஆனா அது உங்க கூடப் பொறந்த தங்கச்சி. இறந்துபோன பிள்ள.

— இறந்து மூணு வருஷமாச்சு, செந்தில். அதுக்கென்ன.

— இந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு கேக்கவங்ககிட்ட, ‘கனடாவுல, நல்லா இருக்கா’ங்கீங்க. உங்களுக்குக் கூசலையா?

— கூசும்னுதான் நினைச்சேன். முதத் தடவை சொல்லும்போது நாக்கு கொழறும்னு பாத்தேன். ஒண்ணும் ஆகல. செத்த பொண்ணு படத்தைப் பாத்துட்டு யாரு கல்யாணத்துக்குக் கேமராக்காரியைக் கூப்பிடுவா? அதான் கனடா. நாலு கண்காட்சியா அவ கனடாவுலதான் இருக்கா.

— ஒரு நாளாவது அழுதிருங்க யக்கா. நான் உங்ககிட்ட வேலைக்கு வந்து எட்டு மாசமாச்சு. நீங்க குரல் உசத்திக்கூட நான் கேட்டதில்ல.

— வரல. அடக்கத்தன்னைக்கும் வரல. பெட்டியை மூடுத நேரம் வீடே விழுந்து கத்துது. நான் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கேன்.

— எப்படி இறந்தாவன்னு நீங்க சொன்னதே இல்ல.

— நீ கேட்டதில்ல. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தான்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க. மாப்பிள்ளை பேரு ஆன்றோ. கல்யாணமாகி ஏழாவது மாசம். எங்க அப்பா ஸ்டேஷன்ல புகார் எழுதிக் கொடுத்தாரு. இன்ஸ்பெக்டர் என்னையக் கூப்பிட்டு, ‘கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பையன் கைய கிய நீட்டினானா, நீ எதும் பாத்தியாம்மா’ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒரு நாள் தாங்கன்னு டயம் வாங்கிட்டு வந்தேன். ஆல்பத்துக்கு எடுத்த நானூறு படத்தையும் ஒண்ணொண்ணாப் பெருசாக்கிப் பாத்தேன். கழுத்து, காது, கன்னம், கை. ஒரு கீறல் இல்ல. கழுவி வச்சாப்ல இருந்துச்சு.

— லேப்ல இருந்து வந்த படமா, நீங்க எடுத்த மூலப் படமா?

— மூலம் எங்க இருக்கு? கார்டை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாச்சு. ‘தங்கமான பையன் சார், படமெடுத்தவ நான், எனக்குத் தெரியாம இருக்காது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதைப் பாத்துட்டு அப்பாவும் புகாரை வாபஸ் வாங்கிட்டாரு.

— அப்ப அந்தாளு மேல தப்பு இல்லைன்னுதான ஆகுது?

— படத்துல இல்ல. படத்துல இல்லைன்னா இல்ல. எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு. மூணு ஞாயிறும் நான் முதப் பெஞ்சுலதான் இருந்தேன். எனக்கு ஒரு தடையும் தெரியல. அந்த நம்பிக்கையிலதான் நான் சோறு திங்கேன், செந்தில். அதுல கைய வைக்காத.

— வைக்கல யக்கா, வைக்கல. நான் வாசலுக்குப் போய் நாலு பேரு கையில சீட்டைத் திணிக்கேன். அந்தா, ஒரு அம்மாவும் மகளும் ஸ்டாண்டி முன்னால நிக்காவ. விட்டுராதீங்க.

— ஏளா வடிவு, இங்கன பாரு, என்ன லெச்சணமா நிக்கா! படம்னா இப்படில்லா நிக்கணும். ஏம்மா, இது நீங்க எடுத்ததா?

— நான்தான் எடுத்தேன். உள்ள வாங்கம்மா, மக்ரூன் எடுத்துக்கோங்க. என் பேரு பிலோமி. கல்யாணம் இவங்களுக்கா?

— இவளுக்குத்தான் தாயி. ஏரல் பக்கத்துல இருந்து வாரோம், நெல்லும் வாழையுமா கெடக்கோம். என்னைய சந்தனச்செல்விம்பாவ. மாப்பிள்ளைக்கு இங்கன துறைமுகத்துல கண்டெய்னர் கம்பெனியில வேலை. வண்டியை நிறுத்திட்டு வாரேன்னாரு. ஆவணியில முகூர்த்தம். அதுக்கு முந்தியே சோடியா கடக்கரையில படம் எடுக்கணும்னு அவருக்கு ஒரே ஆசை. நமக்கு என்ன தெரியும் இதெல்லாம்? இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?

— கனடாவுல. நல்லா இருக்கா.

— இருக்கட்டும், மகராசியா இருக்கட்டும். அந்தச் சுண்டுவிரலு ஏன் தாயி கோணிக்கிட்டு நிக்கி? அதை நிமுத்திப் போட்டிருக்கலாம்லா?

— சின்னதுல கதவு இடுக்குல மாட்டினது. கதவைச் சாத்தினது நான்தான். ஆல்பம் செய்யுத லேபுக்கு எல்லாப் படத்தோடயும் சீட்டெழுதி அனுப்புவோம், எதைச் சரி பண்ணணும், எதை விடணும்னு. அந்த விரலை விட்டிருங்கன்னு நானே எழுதினேன். அது இல்லைன்னா அது அவ இல்ல.

— அதுவும் சரிதான்.

— வடிவு, இந்தச் சீட்டுல உன் பேரு, மாப்பிள்ளை பேரு, தேதி, போன் நம்பர் எழுது. குலுக்கல்ல வந்தா மணப்பாட்டுல ஒரு நாள் படம் இலவசம்.

— சரிக்கா.

— ‘ஜெயகணேஷ்’க்கு மேல புள்ளி வைக்காம விட்டுட்ட. இடது கைப் பழக்கமா உனக்கு?

— இல்லக்கா.

— பொறவு ஏன் இடது கையால எழுதுத?

— சும்மாதான்க்கா.

— அவ எப்பவும் இப்படித்தான் தாயி, எதையாவது கோணலாச் செய்வா. நீ அந்தப் படத்துல நிக்கவ மாதிரி இவளை நிப்பாட்டி ஒண்ணு காட்டேன், பாப்போம்.

— வா வடிவு. வலது கையத் தூக்கு, முந்தானையைப் பிடிக்க மாதிரி. இந்த வெக்கையில முழுக்கை போட்டிருக்க. இன்னும் கொஞ்சம் தூக்கு. இது என்ன?

— ஒண்ணுமில்லக்கா.

— மணிக்கட்டைச் சுத்திக் கன்னிப்போயிருக்கு.

— அது வளையல் தாயி. கடைக்காரன் சின்ன அளவைக் கொடுத்துட்டான். இழுத்துக் கழட்டுனா, அதுல.

— வளையலுக்கு விரல் கிடையாதும்மா.

— சரி. உன்கிட்ட மறைச்சு என்னத்துக்கு, நானே கேக்கணும்னுதான் வந்தேன். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோவம். கூப்பிட்ட நேரத்துக்கு இவ போனை எடுக்கல. நேருல பாத்தப்போ கையப் பிடிச்சுக் கேட்டிருக்காரு. உரிமைதான? மண்டபம் பேசியாச்சு, ஊரைக் கூப்பிட்டாச்சு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும். அவரு அடுத்த வாரமே படம் எடுக்கணும்னு நிக்காரு. படத்துல இது தெரியாமப் பண்ண முடியுமா?

— முடியுமாவா! என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் செந்தில்வேல், இங்க டிசைன் பூரா நான்தான். யக்கா, லேப்டாப்பை இங்கிட்டுத் தள்ளுங்க, நான் காட்டுதேன்.

— செந்தில், இருக்கட்டும்.

— ஒரு நிமிசம் யக்கா. அம்மா, நான் இதுக்கு முன்ன மதுரையில ஆல்பம் லேப்ல நாலு வருஷம் இருந்தவன் பாத்துக்கோங்க. அங்க செஞ்சதுல நல்ல வேலையா எடுத்து ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன், கஸ்டமருக்குக் காட்டதுக்குன்னே. இந்தா பாருங்க, ஒரு பொண்ணு கை. நான் துடைக்கதுக்கு முந்தி.

— ஏயம்மா! அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சில்லா கெடக்கு!

— இப்ப ஒரு தட்டு தட்டுதேன். துடைச்சதுக்குப் பொறவு. எங்க போச்சு, சொல்லுங்க?

— போன எடமே தெரியல தம்பி! ஏளா வடிவு, பாத்தியா? நான் சொன்னேம்லா, எல்லாம் பண்ணலாம்னு.

— இது யாரு கைன்னு எனக்கே தெரியாது. லேபுக்கு ஸ்டூடியோ பேரு வராது, பொண்ணு பேரு வராது, நம்பர்தான் வரும். ஒருத்தன் முகத்தைப் பாப்பான், ஒருத்தன் சேலையைப் பாப்பான், எனக்குக் கை. ஆனா இந்தக் கை மட்டும் மறக்காதும்மா. அந்த ஸ்டூடியோக்காரரு ஒரு சீட்டு வச்சிருந்தாரு, லேபே சிரிச்சுது. ‘சுண்டுவிரலைத் தொடாதீங்க. கையில மத்ததெல்லாம் துடைச்சிருங்க’ன்னு.

— செந்தில்.

— சொல்லுங்க யக்கா.

— முதப் படத்துக்குப் போ.

— துடைச்சதைக் காட்டினாத்தான யக்கா அவங்களுக்கு...

— முதப் படத்துக்குப் போ. பெருசாக்கு. கீழ இறக்கு, சுண்டுவிரலுக்கு.

— கோணலா இருக்குல்லா, அதைத்தான் அந்தாளு... யக்கா. ஐயோ, யக்கா.

— சீட்டெழுதினது ஸ்டூடியோக்காரரு இல்ல. ஸ்டூடியோக்காரி.

— சத்தியமா எனக்குத் தெரியாது யக்கா. ஒரு நாளைக்கு முன்னூறு கை வரும்... ஸ்டாண்டியில முகத்தைத் தவிர நான் எதையும் பாத்ததில்ல.

— நீ என்ன செய்வ? எழுதினபடி செஞ்ச. கல்யாணத்துக்கு முந்தி, மணப்பாட்டுல எடுத்தது, வெயில் எதிர்ல இருந்துச்சு. கேமராத் திரையில கறுப்பாத் திட்டுத் திட்டாத் தெரிஞ்சுது. ‘என்னளா, மருதாணி ஒழுங்காப் பிடிக்கலையா’ன்னு கேட்டேன். ‘ஆமாக்கா’ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. நான் டக்குன்னு எடுத்தேன். அந்தச் சிரிப்புதான் வாசல்ல ஆளுயரத்துக்கு நிக்கி.

— என்ன தாயி, எனக்கு ஒண்ணும் விளங்கல. இந்தத் தம்பி ஏன் இப்படி வேர்த்து நிக்கான்? யாரு கை இது?

— வாசல்ல நிக்கவ கை. என் தங்கச்சி, அனிஷா.

— கனடாவுல இருக்கான்னு சொன்னியே?

— புன்னைக்காயல் கல்லறைத் தோட்டத்துல இருக்கா. கல்யாணமாகி ஏழு மாசம் இருந்தா.

— ஏளா, கிளம்பு. கிளம்புங்கேன். கல்யாணத்தை வச்சுக்கிட்டு இதெல்லாம் காதுல விழக்கூடாது. அந்தச் சீட்டைக் கிழிச்சிரு தாயி, எங்களுக்கு உன் படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

— கிழிச்சிருதேன். உங்க தேதியை நான் எழுதிக்கிடவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. தடை இருந்தா வந்து சொல்லுங்கன்னு கோயில்ல மூணு தரம் கேட்டாங்க, நான் வாயத் திறக்கல. இன்னைக்கு யாரும் கேக்கல, ஆனா சொல்லுதேன். தடை இருக்கு. உங்க மக கையில இருக்கு.

— அதைச் சொல்ல நீ யாரு? படம் எடுக்க வந்தவ படத்தை எடுக்கணும்.

— ஆமாம்மா. படமெடுக்கவதான். வடிவு, உனக்குச் சம்மதம்னா அந்தக் கையை இருக்கபடியே எடுத்து உன் போனுக்கு அனுப்புதேன். ஒரு புள்ளி துடைக்க மாட்டேன். நாளைக்கு யாரும் கேட்டா, இருந்துச்சுன்னு காட்டலாம். வேண்டாம்னா இப்படியே போயிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

— யக்கா, உங்க கண்ணுல தண்ணி வருது.

— அதுக்கென்ன. அந்த லைட்டை எடுத்துட்டு வா.

— ஏளா வடிவு, அந்தா அவரு வாசலுக்கு வந்துட்டாரு. நம்மளத்தான் தேடுதாரு. கைய இறக்கு. சட்டையை இழுத்து விடு. வடிவு, நான் சொல்லுதது காதுல விழல?

— லைட்டை இன்னும் கிட்டக் கொண்டாங்கக்கா. கையில மட்டும் இல்ல.