பேர வச்சுட்டுப் போ

வேணாம் முதலாளி, அந்தப் பெட்டி உங்க பக்கமே இருக்கட்டும். யோகான்தானே? உறையப் பார்த்தாலே தெரியுதே. டோக்கியோவுல தப்புப் பண்ணின கம்பெனிக்காரங்க எல்லாம் மன்னிப்புக் கேக்கப் போறப்ப வாங்கிட்டுப் போற இனிப்பு. பெட்டி கனமா இருந்தா வருத்தமும் கனமா இருக்குன்னு அர்த்தம். ஆனா நீங்க இன்னும் மன்னிப்பே கேக்கலையே. காப்பி வந்ததும் நேரா பேரத்துக்குல்ல வந்துட்டீங்க.

இல்ல இல்ல, உக்காருங்க. மேல ஸ்டுடியோவுல என்னைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. நீங்க சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு. நடிகர் நடிகைங்கள வச்சு நடத்துற உங்க ஆபீசுக்கே நான் திரும்ப வந்துடணும். வந்தா அந்தப் பழைய பேர எனக்கே திருப்பித் தந்துடுவீங்க. திங்கக்கிழமை காலைல ஆரம்பிக்கிற தொடர்ல, கதை சொல்பவர்னு எழுத்து ஓடுறப்ப யாமானாஷி ஃபுமினோன்னே போட்டுக்கலாம். நாடே கேக்கப்போற குரலு உங்க ஆபீஸ் குரலுன்னு ஆயிடும். அதானே? பெரிய மனசுதான் உங்களுக்கு.

அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? எங்க இருக்கப்போவுது, உங்களுக்கு எத்தனையோ பொண்ணுங்க. நானே சொல்றேன். ஹாச்சினோஹேலருந்து ரயிலேறி வந்து உங்க மேசை முன்னாடி நிக்கிறேன். எங்கப்பா மீன் மார்க்கெட்ல கணவாய் அறுக்குறவரு. என் பேரு நுகாயா ஃபுமினோ. நீங்க அதப் பார்த்துட்டு, தவிட்டுப் பள்ளம்னு பேர வச்சுக்கிட்டு ஹீரோயினா, மாட்டுக் கொட்டாய்ல வேலை கேளும்மான்னு சொன்னீங்க. ஆபீசே சிரிச்சுது. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். பத்தொம்பது வயசு, வேற என்ன பண்ணுவேன்.

அப்புறம் பேனாவ எடுத்து மூணு எழுத்து எழுதுனீங்க. நிலாவப் பாக்குற ஊருன்னு அர்த்தம். ஆனா வாசிக்கிறது யாமானாஷின்னு. அப்படின்னா மலையே இல்லன்னு. மறைக்க மலை இல்லாத ஊர்லதான் நிலா நல்லாத் தெரியும், அதனால எழுதுறது ஒண்ணு வாசிக்கிறது ஒண்ணு. முதல் தடவை எவனும் தப்பாத்தான் வாசிப்பான், அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்னீங்க. நல்ல பேருதான். அத நான் இல்லேங்கல.

அந்தப் பேர்ல என்னென்ன வேஷம் கட்டினேன். மருமக, நர்சு, கொலைகாரன் பொண்டாட்டி, சரித்திரத் தொடர்ல விஷம் வைக்கிற வேலைக்காரி. பனியில வெறுங்கால்ல நில்லுன்னா நின்னேன். கடை கண்ணிக்குப் போனா ஜனங்க அத சரியா வாசிச்சுக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பேனா பிடிச்ச நீங்க காரணமா, பனியில நின்ன நான் காரணமா? சும்மா கேட்டேன். காப்பி ஆறுது, குடிங்க.

அந்த விளம்பரக் கம்பெனிக்காரர் விருந்த மட்டும் மறந்திருக்க மாட்டீங்க. பக்கத்துல உக்காந்து அவருக்கு சாக்கே சாராயம் ஊத்திக் குடுன்னீங்க. ஊத்துனேன். கை என் தொடைக்கு வந்துச்சு. உங்களப் பார்த்தேன். நீங்க சுவத்துல தொங்குன படத்தப் பார்த்தீங்க. அதான் சூடா இருந்த குப்பிய அப்படியே அவர் மடியில கவுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். மறுநாள், நான் போறேன்னு சொன்னப்ப நீங்க சத்தம்கூடப் போடல. தாராளமாப் போ, பேர வச்சுட்டுப் போ, அது ஆபீஸ் சொத்துன்னீங்க. இரவல் குடையத் திருப்பிக் கேக்குற மாதிரி கேட்டீங்க.

அதோடயாவது விட்டீங்களா? ஒவ்வொரு சேனலுக்கும் போன். அவ தலைவலி பிடிச்சவ, அவளப் போட்டா எங்க ஆளு ஒருத்தரும் உங்க பக்கம் வரமாட்டாங்கன்னு. நல்லாக் காயப்போட்டீங்க என்னைய. மூஞ்சி தெரியிற வேலை ஒண்ணுகூட வரல. சரி, மூஞ்சிதானே தெரியக்கூடாது, குரலுக்கு ஏது மூஞ்சின்னு கெளம்பிட்டேன். மொதல்ல சூப்பர் மார்க்கெட். இன்னைக்கு மத்தி மீன் மலிவு, முள்ளங்கி இப்பதான் வந்துச்சுன்னு நாள் பூரா நான் கத்துறது ஸ்பீக்கர்ல ஓடும். அப்புறம் லிஃப்ட். கதவு மூடுது, விலகி நில்லுங்க. உங்க ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட்ல பேசுறது யாருன்னு நினைச்சீங்க? நான்தான். தெரியாதா? தினம் காலைல உங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கேன். எந்தக் கட்டடத்துக்குன்னு தெரிஞ்சுதான் பதிவு பண்ணினேன். வாய் வணக்கம் சொல்லுச்சு, மனசு வேற சொல்லுச்சு.

அப்படியே மெல்ல மெல்ல மேல வந்தேன். ஆஸ்பத்திரிப் படம், திமிங்கிலப் படம், போர்ல செத்தவங்க படம்னு டாக்குமெண்டரிக்கெல்லாம் குரல் குடுத்தேன். எல்லாத்துலயும் பழைய தவிட்டுப் பேருதான். அதோட போகட்டும்னு நானும் விட்டிருப்பேன். நீங்க யாமானாஷி ஃபுமினோங்கிற என் பேர அப்படியே தூக்கி இன்னொரு நடிகைப் பொண்ணுக்கு வச்சீங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிஞ்சுது. அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல. அதுவும் எங்கேருந்தோ ரயிலேறி வந்து உங்க மேசை முன்னாடி நின்னதுதான்.

எங்கம்மாவுக்குக் கண்ணுல புரை. டிவிய மூக்கு ஒட்டப் பார்த்தாலும் மூஞ்சி பிடிபடாது. முதியோர் இல்லத்து நர்சு, எழுத்து ஓடுறப்ப பேர வாசிச்சுக் காட்டும். யாமானாஷி ஃபுமினோன்னதும் எங்கம்மா அக்கம்பக்கத்துக் கட்டில்ல இருக்குறவங்களை எல்லாம் எழுப்பி, எம்பொண்ணு வர்றா பாருங்கன்னு சொல்லுவாங்களாம். நான் என்னத்தச் சொல்ல? உன் பொண்ணு பேரப் புடுங்கிட்டாங்கம்மான்னு சொல்லவா? ஒரு தொடர்ல அந்தப் பொண்ணு, பெத்தவள வீட்ட விட்டுத் தொரத்துற மாதிரி நடிச்சுச்சு. மறுநாள் அம்மா போன். ஏண்டி அந்தக் கிழவிய அப்படிப் பேசின, உன்னைய அப்படியா நான் வளர்த்தேன், குரல்கூட யாரோ மாதிரி ஆயிடுச்சேன்னு அழுவுறாங்க. அது கதைம்மான்னேன். காதுல வாங்கல. அந்த மாசமே போய்ச் சேர்ந்துட்டாங்க. என் மேல கோவத்தோட போனாங்க முதலாளி, நான் பேசாத வசனத்துக்கு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்கிறீங்க. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், எனக்கு உங்க மேல இருக்குறது வெறுப்புதான். கொஞ்சம்கூட ஆறல. உங்களுக்கு ஒரு கெட்டதுன்னு சேதி வந்தா அன்னைக்கு இன்னொரு கிண்ணம் சோறு கூடவே எறங்கும் எனக்கு.

இருங்க, கோட்ட மாட்டாதீங்க. வந்ததுக்கு ஒரு தமாஷாவது கேட்டுட்டுப் போங்க. போன வருஷம் மழைக்காலத்துல கடவாய்ப்பல் வலி. பல் டாக்டர்கிட்ட போய் உக்காந்திருக்கேன். கவுண்டர்ல ஒரு புதுப் பொண்ணு. சுகிமிசாதோ சான், சுகிமிசாதோ சான்னு கூப்பிடுது. யாரும் அசையல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நிலாவப் பாக்குற ஊருங்கிற அந்த மூணு எழுத்ததான் அது எழுத்து எழுத்தா வாசிக்குது. என்னையும் அறியாம, அது யாமானாஷிம்மான்னு சொல்லிட்டேன். அதே நேரம் மூலையிலருந்து, கன்னத்துல பஞ்சு அடைச்ச ஒரு மனுஷர், யாமானாஷின்னு குழறுறாரு. ரெண்டு பேரும் ஒண்ணா. நீங்க என்னமோ உங்க மூளையில பொறந்த பேரு மாதிரி பீத்திக்கிட்டீங்க. டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருத்தரோட பாட்டன் முப்பாட்டன் பேரு அது.

அவரு வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்தேன். வீட்டம்மா இருக்காங்களான்னு கேட்டேன். தவறிட்டாங்கன்னாரு. எதிர்த்தாப்புல நூடுல்ஸ் கடையில உக்காந்து, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். உங்க கிட்ட எனக்கு வேண்டியது உங்க பேருதான்னும் சொன்னேன். மனுஷர் கிண்ணத்தத் தள்ளி வச்சாரு. பேர எடுத்துக்க, கூடவே ஆளும் வருவான், பரவாயில்லையான்னு கேட்டாரு. பல் மரத்துப்போன வாயோட எவனாவது அப்படிக் கேப்பானா? பரவாயில்லைன்னுட்டேன். முதல்ல பேருக்காகத்தான், பொய் சொல்ல மாட்டேன். இப்ப அவரு தவிட்டுல ஊறப்போடுற கத்திரிக்கா ஊறுகா இல்லாம எனக்குச் சோறு எறங்குறதில்ல.

ஆமா, அதான் சொல்ல வர்றேன். போன வெள்ளிக்கிழமை வார்டு ஆபீசுல பதிஞ்சாச்சு. கட்டிக்கிட்டா புருஷன் குடும்பப் பேருதானே எனக்கும். ஆஸ்பத்திரி அட்டையிலயும் யாமானாஷி ஃபுமினோ, ஓட்டுப் போடப் போனாலும் யாமானாஷி ஃபுமினோ. சேனல்காரங்க அவங்க வக்கீலக் கேட்டுட்டாங்க. சொந்தப் பேரப் போட்டுக்குறத யாரும் தடுக்க முடியாதாம். எழுத்து அடிச்சு முடிச்சாச்சு. நீங்க திருப்பித் தரேன்னு சொன்னது ஏற்கனவே என்கிட்ட இருக்கு முதலாளி.

கேஸா? போடுங்க. எங்க வீட்டுக்காரரும் கோர்ட்டுக்கு வருவாரு, அவரு இதுவரைக்கும் கோர்ட்டப் பார்த்ததே இல்ல.

போன் அடிக்குது பாருங்க, உங்களுதுதான். என் பேர வச்சிருக்குற அந்தப் பொண்ணாத்தான் இருக்கும். முந்தாநேத்து எங்க வீட்டுக்கு வந்து, அந்த விளம்பரக் கம்பெனிக்காரரு இன்னும் விருந்து வைக்கிறாருன்னு சொல்லி அழுதுச்சு. எடுத்துப் பேசுங்க. ஆபீஸ விட்டுப் போறேன்னு சொல்லும். போகட்டும். பேர மட்டும் திருப்பிக் கேக்காதீங்க, அத நான் அந்தப் பொண்ணுக்கே குடுத்துட்டேன்.